வாய்க்காலுக்கு மேல ஒரு விலை, கீழ ஒரு விலை



நம்ம மலருக்கு ஒவ்வொரு குழுவில இருந்தும் ஒருத்தர் ஊர் வரலாறு எழுதித் தரணும்னு சொன்னாங்க. கோயில் வரலாறு, பள்ளிக்கூட வரலாறு, குழு ஆரம்பிச்ச வரலாறு எல்லாத்துக்கும் ஆள் கிடைச்சுட்டாங்க. நான் காட்டு விலையோட வரலாறு எழுதறேன்னு சொன்னதும், "ஏன் அம்மிணி, நீ எப்ப புரோக்கர் ஆனே?"ன்னு எங்க ஊக்குநர் அக்கா சிரிச்சாங்க.

சிரிச்சாலும், கூட்டம் முடிஞ்சு நோட்டை மூடினதும் நாம பாதி நேரம் பேசறது அதைத்தான். "அந்தப் பக்கம் ஏக்கர் அம்பது லட்சத்துக்குப் போச்சாமா." "இந்தப் பக்கம் அதுல கால்வாசிக்குக்கூட ஆளில்லையாமா." ரெண்டும் ஒரே செம்மண்ணு, பெய்யறதும் ஒரே மழை. அப்புறம் ஏன் ரெண்டு மைல் தள்ளினா விலை இப்படி மாறுது? நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். எங்க அம்முச்சி சொன்னதையும், எங்க அம்மா காட்டுக்காக ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சப்போ நான் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்து எழுதறேன். பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க பக்கம்னா பெருந்துறைக்கும் கோபிக்கும் நடுவில. இங்க நிலத்துக்கு மூணு பேரு. ஆத்துத் தண்ணி பாஞ்சா வயல். கிணத்துத் தண்ணி பாஞ்சா தோட்டம். மானத்தைப் பாத்துக் கிடந்தா காடு. பாருங்க, தண்ணி எங்கிருந்து வருதோ அதை வெச்சுத்தான் நிலத்துக்குப் பேரே வெச்சிருக்காங்க. மண்ணை வெச்சு இல்லை. விலையும் அப்படித்தான் இருந்துச்சு.

ரொம்பப் பழைய வயல்னா காலிங்கராயன் வாய்க்கால் பக்கமும் கொடிவேரிப் பக்கமும்தான். காலிங்கராயன் 1200-களில் பவானி ஆத்துல அணை கட்டி, அங்கிருந்து நொய்யல் வரைக்கும் வாய்க்கால் வெட்டினார். 90 கிலோமீட்டர் கிட்ட வரும். நேரா வெட்டாம வளைஞ்சு வளைஞ்சு போகும். பாம்பு போன தடத்துலயே வெட்டினார்னு கதை சொல்லுவாங்க. கதை எப்படியோ, மேடு பள்ளம் பாத்து வெட்டினா வாய்க்கால் வளையத்தான் செய்யும். அது பாயறது 15 ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலதான். கொடிவேரி அணைக்கட்டுல இருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயறது சுமார் 24 ஆயிரத்து 500 ஏக்கர். அந்த வயல் வெச்சிருந்த குடும்பம்னா பொண்ணு குடுக்க யோசிக்கவே மாட்டாங்களாம். மத்தபடி கண்ணுக்கெட்டின தூரம் காடுதான். கம்பு, சோளம், கொள்ளு, மாட்டுக்குக் கொழுக்கட்டைப்புல்லு. சுத்தி கிளுவை வேலி.

திப்பு சுல்தான் 1799-ல இறந்த பின்னாடி நம்ம கொங்குப் பக்கம் ஆங்கிலக் கம்பெனி கைக்கு வந்துச்சு. அப்புறம் ரயத்துவாரி முறை வந்து, குடியானவன்கிட்ட நேராவே தீர்வை வாங்கினாங்க. அதுக்குத் தாமஸ் மன்றோ பேருதான் பெரிசு. பின்னாடி ஊர் ஊரா அளந்து நிலத்தைத் தரம் பிரிச்சாங்க. இது எனக்குத் தெரிஞ்சப்போ ஆச்சரியமா இருந்துச்சு. மண்ணு ரகத்தை மட்டும் பாக்கலை. நஞ்சைன்னா தண்ணி எந்த ஆத்துல இருந்து வருது, எத்தனை மாசம் நிக்குதுன்னு பாத்தாங்க. புஞ்சைன்னா ரோட்டுக்கும் சந்தைக்கும் ஊர் கிட்டவா தூரமான்னு பாத்து ஊர்களைக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சாங்க. ஒரே மண்ணு, ஆனா சந்தைக்கு வண்டி ஓட்டத் தூரமா இருந்தா தீர்வை கம்மி. அதாவது இடத்துக்கு விலை உண்டுங்கறது சர்க்காருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. இப்பவும் உங்க ஊர் அ-பதிவேட்டைப் பாருங்க. சர்வே நம்பருக்கு நேரா மண் வயனமும் ரகமும், தரம், தீர்வைன்னு கட்டம் இருக்கும். அன்னைக்குப் போட்ட கணக்கோட மிச்சம் அது.

1930-களில் பைக்காரா கரண்டு கோயமுத்தூர் ஜில்லாவுக்கு வந்துச்சு. கவலை இறைச்ச கிணத்துல கொஞ்சம் கொஞ்சமா மோட்டார் ஓடுச்சு. கம்பம் போன பக்கத்துல காடு தோட்டமாச்சு. கம்பம் போகாத பக்கம் காடாவே கிடந்துச்சு. இதைச் சுருக்கமாச் சொல்லிட்டேன், ஏன்னா எங்க ஊருக்குக் கரண்டு வர ரொம்ப நாளாச்சு. அதுக்கு முன்னாடியே எங்களுக்கு வந்தது வாய்க்கால்.

பவானிசாகர் அணை 1948-ல ஆரம்பிச்சு 1955-ல முடிஞ்சுது. அந்த அணை வர எம்.ஏ. ஈஸ்வரன் அய்யா பட்ட பாட்டைப் பெரியவங்க இன்னைக்கும் நன்றியோட சொல்லுவாங்க. அணையில இருந்து 200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கீழ்பவானி வாய்க்கால். பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். எல்லாத்துக்கும் ஒரே சமயத்துல தண்ணி பத்தாதுன்னு, பாதி நிலத்துக்கு ஆகஸ்ட்ல நெல்லுக்கு விடுவாங்க. மீதிப் பாதிக்குத் தை மாச வாக்குல கடலை, எள்ளு மாதிரிப் புஞ்சைப் பயிருக்கு விடுவாங்க. அடுத்த வருசம் மாறிக்கும். அதனால கீழ்பவானி நிலம் காட்டை விட ஒசத்தி, ஆனா பத்து மாசம் தண்ணி பாயற பழைய பாசன வயலை விட ஒரு படி கம்மி. இன்னைக்கும் அப்படித்தான்.

வாய்க்கால் வெட்டறதுக்கு முன்னாடி கல்லு நட்டாங்களாம். எங்க அம்முச்சி அப்பச் சின்னப் பொண்ணு. எங்க அப்புச்சி வீட்டுக்கு ஒரே அடைப்புல ஒம்பது ஏக்கர் காடு. அதுக்கு நடுவுல கல்லு விழுந்துச்சு. வாய்க்கால் மேட்டு ஓரமாத்தான் போகும், தண்ணி பள்ளத்துக்குத்தான் பாயும். அதனால வாய்க்காலுக்குக் கீழ விழுந்த நாலு ஏக்கருக்கு மதகுத் தண்ணி. மேல விழுந்த நாலு ஏக்கருக்கு ஒண்ணுமில்லை. மீதி ஒரு ஏக்கர் வாய்க்காலுக்கும் கரைக்குமே போயிருச்சு. நேத்து வரைக்கும் ஒரே ஏர் ஓடின காடு, ஒரே ராத்திரியில ரெண்டு ஜாதி நிலமாயிருச்சுன்னு அம்முச்சி சொல்லும். தண்ணி வந்து பத்து வருசத்துக்குள்ள, கீழ ஒரு ஏக்கரை வித்தா மேல மூணு ஏக்கர் வாங்கலாம்னு ஆயிருச்சாம். மேல இருந்த காட்டுக்குப் புதுசா ஒரு பேரும் வந்துச்சு, மேட்டாங்காடு. அதுக்கு முன்னாடி அது வெறும் காடுதான்.

இன்னொண்ணையும் சொல்லணும். நம்ம நிலத்துக்கு விலை ஏத்தின அதே அணையில டணாயக்கன்கோட்டைங்கற பழைய ஊர் தண்ணிக்குள்ள போயிருச்சு. அணை வத்தற வருசம் அந்தக் கோயில் வெளிய தெரியும். நாங்க ஒருதடவை போட்டோவுல பாத்தோம். அங்க வயலும் வீடும் வெச்சிருந்தவங்க பேத்திங்க யாராவது இப்ப நம்ம மாதிரி ஒரு குழுவுல உக்காந்திருக்கலாம்.

கிட்டத்துல அணை வந்தா விலை ஏறும்னு எப்பவும் சொல்லவும் முடியாது. சென்னிமலைக்குத் தெக்கே நொய்யல் ஆத்துல ஒரத்துப்பாளையம் அணை கட்டி 1992-ல திறந்தாங்க. பாசனத்துக்குன்னு கட்டினது. ஆனா திருப்பூர்ச் சாயத் தண்ணிதான் அதுல வந்து தேங்குச்சு. சுத்துவட்டாரக் கிணறு கெட்டு, தென்னை காய்ஞ்சு, மாடு குடிக்காத தண்ணியாப் போச்சு. 2011-ல சுத்திகரிப்பு சரியில்லாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. எங்க சின்னம்மாவை அந்தப் பக்கம் கட்டிக் குடுத்தப்போ "அணை வருது, அதிர்ஷ்டக்காரி"ன்னு எல்லாரும் சொன்னாங்களாம். சின்னம்மா இப்பவும் குடிதண்ணியை விலைக்குத்தான் வாங்குது.

வாய்க்காலுக்குள்ளயே கூட இடம் பாத்து நியாயம் மாறும். தலைமடையில இருக்கிறவங்க கிணறெல்லாம் வாய்க்கால் கசிவுலதான் ஊறுது. கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரவே மாட்டேங்குது. அதனாலதான் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாம்னு வந்தப்போ ஒரு பக்கம் வேணும்னாங்க, ஒரு பக்கம் கூடாதுன்னு போராட்டம் பண்ணினாங்க. எங்க வீட்டுலயே எங்க மாமனார் கூடாதுங்கற கட்சி, கடைமடையில இருக்கிற என் நாத்தனார் வீட்டுக்காரர் வேணுங்கற கட்சி. தீபாவளி விருந்துல இந்தப் பேச்சு எடுக்கக் கூடாதுன்னு எங்க மாமியார் சட்டமே போட்டுட்டாங்க.

இனி எங்க அம்மா கதைக்கு வர்றேன்.

அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1985. அப்புச்சி 1996-ல இறந்தாங்க. அம்மாவுக்கு ரெண்டு அண்ணன். காரியம் முடிஞ்ச பதினாறாம் நாள் மாமா ரெண்டு பேரும் அம்மாவை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வாய்க்காலுக்குக் கீழ இருந்த நாலு ஏக்கர்ல பாத்தியம் இல்லைன்னு விடுதலைப் பத்திரம். அதுக்குப் பதிலா மேட்டாங்காட்டுல ஒண்ணரை ஏக்கர் அம்மா பேருக்கு. "பொட்டப்புள்ளைக்கு மேட்டாங்காடு போதாதா"ன்னு ஊர்ல சொன்னாங்க. மாமாங்களைக் குறை சொல்ல இதை எழுதலைங்க. அன்னைக்கு எல்லா வீட்டுலயும் அதுதான் வழக்கம். காடு எழுதி வெச்சதையே பெரிய மனசுன்னு பேசினாங்க.

சட்டம் என்ன சொல்லுச்சுன்னு எனக்கு ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுது. 1956 வாரிசுச் சட்டத்துலயே அப்பன் பங்குல மகளுக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்துல மகன் மாதிரியே மகளுக்கும் உரிமைன்னு தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25-ல இருந்து அமலாச்சு. ஆனா அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு அது கிடையாது. அம்மா நாலு வருசத்துல தப்பிப் போச்சு. 2005 செப்டம்பர் 9-ல இருந்து நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் உண்டுன்னு ஆச்சு. அதுக்குள்ள அம்மா கையெழுத்துப் போட்டு ஒம்பது வருசம் ஆயிருச்சு.

மேட்டாங்காட்டுல நாங்க ஆடு மேய்ச்சோம். மழை பேஞ்சா கொள்ளு விதைப்போம். அது எங்களுக்குச் சோறு போட்டதுன்னு சொல்ல மாட்டேன். ஆடு போட்டுச்சு, அம்புட்டுத்தான்.

இதுக்கு நடுவுல பெருந்துறையில சிப்காட் வந்துச்சு. சேலம் கோயமுத்தூர் ரோடு நாலு வழியாச்சு. விலை எங்க போச்சுன்னு பாருங்க. இத்தனை நூறு வருசம் தண்ணி இருக்கிற பள்ளத்துல இருந்த விலை, மெதுவா எந்திரிச்சு மேட்டுக்குப் போச்சு. ரோடு மேட்டுலதானே போடுவாங்க! வயல்ல கட்டடம் கட்டினா ஈரம், மேட்டாங்காட்டுல கட்டினா உறுதி. வாய்க்காலுக்குக் கீழ இருக்கிற நிலத்தை விவசாயம் பண்றவங்க மட்டும்தான் கேட்டாங்க. மேல இருக்கிறதை கம்பெனிக்காரங்க, மனை போடறவங்க, குடோன் கட்டறவங்க எல்லாரும் கேட்டாங்க. விவசாயம் பண்றவங்க ஏக்கர்ல விலை பேசுவாங்க. மத்தவங்க சென்ட்ல பேசுவாங்க. எந்தக் கணக்குல பேசறாங்கன்னு கேட்டாலே அந்த நிலம் எதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சுரும்.

இது அம்மாவுக்குத் தெரியலை. எங்க யாருக்குமே தெரியலை. 2006-ல அக்கா கல்யாணத்துக்குப் பணம் பத்தலை. ஒருத்தர் வந்தார், முன்னாடி இருந்த ஒரு ஏக்கரை மட்டும் கேட்டார், ஏக்கர் மூணு லட்சம். மேட்டாங்காட்டுக்கு மூணு லட்சமான்னு எங்க அப்பா சந்தோசமா ஒத்துக்கிட்டார். பின்னாடி அரை ஏக்கர் ஆட்டுக்கு இருக்கட்டும்னு அம்மா சொல்லுச்சு. ஊருக்கு மேக்கே போற ரோட்டை அகலப்படுத்த அளவுக்கல்லு அப்பவே நட்டிருந்தாங்க. அந்தக் கல்லு மேல நான் உக்காந்து ஆடு மேய்ச்சிருக்கேன். அது என்ன கல்லுன்னு கேக்கணும்னு தோணலை. அம்முச்சி மட்டும், "கல்லு நட்டா காட்டு விலை மாறும் சாமி"ன்னு சொல்லுச்சு. வயசான காலத்துல அணை கட்டின கதையவே பேசுதுன்னு நாங்க விட்டுட்டோம்.

பத்து வருசத்துல அந்த ஒரு ஏக்கர் சென்ட் அறுபதாயிரத்துக்குப் போச்சு. கணக்கு நீங்களே போட்டுக்குங்க. நான் ஒருதடவை போட்டேன், அப்புறம் போடறதில்லை.

சரி, பின்னாடி அரை ஏக்கர் இருக்கே, அதுவும் அந்த விலைதானேன்னு எங்க குழுவுலயே கேட்டாங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். போன வருசம் என் தம்பி படிப்புக் கடனை அடைக்க, அதுல இருபது சென்ட் குடுக்கலாம்னு பேச்சு வந்துச்சு. வந்து பாத்தவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க: "தடம் எங்கீங்க?"

தடம் இல்லை. முன்னாடி ஒரு ஏக்கரை விக்கறப்போ, பின்காட்டுக்குப் போக வண்டித்தட பாத்தியம்னு பத்திரத்துல எழுதி வாங்கலை. வாங்கினவர் முதல்ல ஆடு ஓட்டிட்டுப் போக விட்டார். பின்னாடி காம்பவுண்டு சுவர் எழுப்பிட்டார். ரோட்டுல இருந்து இருநூறு அடிதான் இருக்கும். ஆனா அந்த இருநூறு அடியைத் தாண்ட வழியில்லாததால எங்க காட்டுக்கு மறுபடியும் 1996 மேட்டாங்காட்டு விலைதான். அவரே வந்து கேட்டார். சென்ட் கணக்குல இல்லை, ஏக்கர் கணக்குல. "வேற யாரும்மா வாங்குவாங்க, நான் வாங்கினாத்தான்"னு சொன்னார். சொன்னது நிஜம்தான், அதுதான் வயித்தெரிச்சல்.

அப்பதான் நான் அலைய ஆரம்பிச்சேன். இ-சேவை மையத்துல பட்டா, அ-பதிவேடு ரெண்டும் எடுத்தேன். வழிகாட்டி மதிப்பைப் பாத்தேன். அதுல ரோட்டோரத்துக்கு ஒரு மதிப்பு, உள்காட்டுக்கு ஒரு மதிப்புன்னு சர்வே நம்பர் வாரியாப் போட்டிருக்கு. நாளைக்கு அரசாங்கம் நிலம் எடுத்தாலும் அந்த மதிப்பையும் பக்கத்துல பதிவான கிரயப் பத்திரத்தையும் பாத்துத்தான் நஷ்டஈடு. நம்ம ஆளுக முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்கக் குறைச்சு எழுதறது அங்கதான் திரும்ப வந்து கடிக்கும். இந்த இடத்துல ஒரு நல்ல சேதி. 2025 ஏப்ரல் 1-ல இருந்து 10 லட்சம் மதிப்பு வரைக்கும் பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல ஒரு சதவீதம் கம்மி. நம்ம குழுக்கள்ல நிலம் வாங்கப் போறவங்க ஞாபகம் வெச்சுக்குங்க. வாங்கறப்போ கிணத்தை எட்டிப் பாக்கற மாதிரி தடத்தையும் நடந்து பாருங்க, பத்திரத்துலயும் அது எழுதியிருக்கான்னு படிக்கச் சொல்லிக் கேளுங்க.

இன்னொரு பக்கம் அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல திறந்தாச்சு. அறுபது வருசத்துக்கு மேல கேட்டுட்டிருந்த திட்டம். பவானி ஆத்து உபரித் தண்ணியை, ஒண்ணரை டி.எம்.சி., பம்பு வெச்சு ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் மூணு மாவட்டத்துல 1,045 குளம் குட்டைக்குக் கொண்டு போறாங்க. வாய்க்காலுக்குத்தான் தண்ணி பள்ளத்துல பாயணும். குழாய்க்கு மேடு பள்ளம் இல்லை. குளம் நிறைஞ்ச ஊர்ல கிணறு ஊறினா காடு தோட்டமாகும். இப்பவே அந்த ஊருகள்ல புரோக்கருக வண்டி சுத்துதுன்னு சொல்றாங்க. அங்க இருக்கிற சகோதரிகள் யார்கிட்டயாவது விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துக் கேட்டா, என்ன கல்லு எங்க நட்டிருக்குன்னு முதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க.

எங்க காட்டுக்கு வர்றேன். தாலூகா ஆபீஸ்ல புலப்பட நகல் வாங்கினப்போ, எனக்கு அதைப் படிக்கத் தெரியலை. ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருத்தர்கிட்டக் கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தார். கிழக்கு ஓரமா ரெண்டு புள்ளிக்கோடு பக்கம் பக்கமாப் போறதை விரலால தொட்டுக் காட்டினார். "இது வண்டிப்பாதைம்மா. பழைய அளவுலயே இருக்குது"ன்னார். வாய்க்கால் வர்றதுக்கு முன்னாடி சந்தைக்கு வண்டி போன தடமா இருக்கும்னு சொன்னார். சந்தைக்கு எத்தனை தூரம்னு பாத்துத் தீர்வை போட்டாங்கன்னு மேல எழுதினேனே, அந்தத் தடம்!

அம்முச்சி இருந்திருந்தா அதுல மாடு பூட்டிப் போன கதையைச் சொல்லியிருக்கும். அம்மா அந்தக் கோட்டையே பாத்துட்டு உக்காந்திருந்துச்சு. சுவர் அந்தப் பாதை மேலதான் நிக்குது. பாதையை அளந்து காட்டச் சொல்லி அம்மா பேர்ல மனு குடுத்திருக்கோம். சர்வேயர் வர்ற பதினெட்டாம் தேதி சங்கிலி பிடிக்க வர்றார். எங்க குழுவுல இருந்து நாலு பேரு கூட வர்றதாச் சொல்லியிருக்காங்க.